மாமாவுக்கு ஏன் இருமல் வரவில்லை?

வாசகர் கடிதம்: எங்கள் வீடு ஆலங்குளம் பக்கம், தென்காசி ரோட்டை ஒட்டி இருக்கிறது. கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் லாரிகள் ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் துடைத்த திண்ணையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். என் மகனுக்கு ஏழு வயது, வீசிங் இருக்கிறது. கொஞ்சம் தூசி பட்டாலும் இருமல்தான். அத்தைக்கு 67 வயது. பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றுகிறார்கள், இருமல் எப்போதும் உண்டு. ஆனால் மாமாவுக்கு 72 வயது. பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர்கள், பத்து வருடம் முன்பு வரை பீடி குடித்தவர்கள். ஒரு தும்மல்கூடக் கிடையாது. "எனக்கு ஒண்ணுஞ் செய்யாது, இது வைரம் பாஞ்ச கட்டை" என்பார்கள். தினமும் காலை 5 மணிக்கு ரோட்டோரமாகவே டீக்கடைக்கு நடை. முன்பெல்லாம் ஒரே நடையாகப் போவார்கள். இப்போது பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து நாலு பேரிடம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் போகிறார்கள். போன மார்கழியில் ஒரு நாள் ராத்திரி மூச்சு முட்டிவிட்டது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வயதானால் உடம்பு புகைக்குப் பழகிவிடுமா டாக்டர்? வீட்டில் ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாமா? மாமாவைச் சென்னையில் கொழுந்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

பதில்:

வணக்கம் அம்மா. கடிதத்தில் லாரி, தூசி, பீடி, பையனின் வீசிங் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பாலத்துக் கட்டைதான். ஒரே நடையாகப் போனவர் இப்போது நடுவழியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அவர் கதைக்காக உட்காரவில்லை, மூச்சுக்காக உட்காருகிறார் என்பது என் சந்தேகம். அது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

வயதானவர்களிடம் "மூச்சு வாங்குதா?" என்று கேட்பதை நான் விட்டுப் பல வருடம் ஆகிறது. "இல்லையே" என்றுதான் பதில் வரும். பொய் சொல்வதில்லை. மூச்சு வாங்குகிற வேலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டிருப்பார்கள். சைக்கிள் பேரனுக்குப் போயிருக்கும். மச்சுப்படி ஏறி நாளாகியிருக்கும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு வடம் பிடித்தவர் இப்போது வாகையடி முக்கில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவார். ஒன்றும் செய்யாதவருக்கு மூச்சு எப்படி வாங்கும்? அதனால் இப்போதெல்லாம் வேறு மாதிரி கேட்கிறேன்: "போன வருஷத் தேருக்குச் செஞ்சதுல இந்த வருஷம் எதையெல்லாம் செய்யல?" இதற்கு வீட்டில் இருக்கும் பெண்கள்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். "கடைக்குப் போறதில்ல", "குளிக்கப் போனா ஸ்டூல் கேக்காவ", "பேசிட்டே நடக்க மாட்டாவ." அந்த மூன்று வரி எனக்கு ஒரு எக்ஸ்ரே படத்துக்குச் சமம்.

சரி, வயதானால் புகைக்கு உடம்பு பழகிவிடுமா? ஒரு விதத்தில் பழகுகிறது. ஆனால் பழகுவது எது என்று பார்க்க வேண்டும்.

இருமலை நாம் நோய் என்று நினைக்கிறோம். அது வாசலில் கட்டியிருக்கும் நாய். மூச்சுக்குழாயின் உள்சுவரில் நரம்பு நுனிகள் இருக்கின்றன. புகையோ தூசியோ பட்டதும் அவை மூளைக்குச் சேதி அனுப்பும், உடனே இருமல் வரும். உங்கள் மகனுக்கு அந்த நாய் இளம் நாய், கொஞ்சம் அதிகமாகவே குரைக்கிறது. வயது ஏற ஏற அந்த நரம்புகளின் கூர்மை மழுங்குகிறது. எழுபதைத் தாண்டியவர்களில் நிறையப் பேருக்கு இருமல் கிளம்ப இளையவர்களைவிடக் கூடுதல் தூண்டுதல் வேண்டியிருக்கிறது. நாற்பது வருடம் டீசல் புகையிலும் அதற்கு மேல் பீடிப் புகையிலும் இருந்தவரைக் கேட்கவே வேண்டாம். கிழட்டு நாய் குரைக்கவில்லை என்பதற்காகத் திருடன் வரவில்லை என்று ஆகிவிடுமா?

இதைச் சோதனை அறையில் வைத்தே பார்த்திருக்கிறார்கள். ஓசோன் என்ற வாயுவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வானத்தில் உயரத்தில் இருக்கும்போது நல்லது. தரைமட்டத்தில் வண்டிப் புகை வெயிலில் வெந்து உண்டாகிற ஓசோன் நுரையீரலுக்கு எரிச்சல். தன்னார்வலர்களை மூடிய அறையில் உட்காரவைத்து, அளவாக ஓசோன் விட்டு, மூச்சை ஊதச் சொல்லி அளந்தார்கள். இருபது வயதுக்காரர்களுக்கு நெஞ்சு வலித்தது, இருமல் வந்தது, ஊதும் வேகம் நன்றாகக் குறைந்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஊதும் வேகம் கொஞ்சம்தான் குறைந்தது, தொந்தரவு என்றும் அவர்கள் அதிகம் சொல்லவில்லை. இதை மட்டும் படித்தால் உங்கள் மாமா சொல்வதுதான் சரி என்று தோன்றும், வைரம் பாய்ந்த கட்டை! ஆனால் காற்று கெட்ட நாட்களில் ஆஸ்பத்திரியில் வந்து சேருகிறவர்களையும் இறப்புக் கணக்கையும் எடுத்துப் பார்த்தால், எந்த ஊரிலும் முன்னால் நிற்பது வயதானவர்கள்தான். உணர்வது குறைகிறது, அடி குறைவதில்லை. நான் இந்தப் பதிலில் சொல்ல வருவதே இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

இதை நான் புத்தகத்தில் படித்துப் பல வருடம் கழித்து வீட்டில் படித்தேன். என் அம்மாவுக்கு அப்போது 78 வயது. பெரிய கார்த்திகை அன்று கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்தினார்கள். பச்சைப் பனைமட்டையும் ஓலையுமாகப் புகை சுருண்டு சுருண்டு வந்தது. பிள்ளைகள் எல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு தெருமுனைக்கு ஓடிவிட்டார்கள். அம்மா மட்டும் முந்தானையைக்கூட மூக்கில் வைக்காமல், கன்னத்தில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்கள். "நீங்கல்லாம் பாலு குடிச்சு வளந்த பிள்ளைய, நாங்க புகையைக் குடிச்சு வளந்தவ" என்று கேலி வேறு. நானும் சிரித்தேன். மறுநாள் சாப்பாடு இறங்கவில்லை என்றார்கள். அதற்கு அடுத்த நாள் விடியற்காலை படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. ஊருக்கெல்லாம் நெஞ்சு பார்க்கிற டாக்டரின் வீட்டில் நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது. முந்தின நாள் சாப்பாடு இறங்காததையே நான் விசாரித்திருக்க வேண்டும். சொக்கப்பனைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே இரத்தக் கொதிப்பு இருந்தது, கார்த்திகைப் பொரி உருண்டையோடு உப்புப் பலகாரமும் உள்ளே போயிருந்தது. ஆனால் புகைக்கும் இதயத்துக்கும் உள்ள கணக்கு இப்படித்தான் வருகிறது. அன்றே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத் தெரியும். அதனால்தான் ஒருவரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். பாபநாசத்தில் தண்ணீர் திறந்து கன்னடியன் கால்வாயில் விசையாக ஓடினால் வண்டல் படியாது, அடித்துக்கொண்டு போய்விடும். ஓட்டம் குறைந்தால் அப்படியே படியும். மூச்சுக்குழாயிலும் ஒரு ஓட்டம் உண்டு. உள்சுவரில் மெல்லிய சளிப் படலம்; அதற்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் நொடிக்குப் பத்துத் தடவை அளவில் அசைந்து, தூசி ஒட்டிய சளியைத் தொண்டை வரைக்கும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். வயதானால் இந்த ஓட்டம் மந்தமாகிவிடுகிறது. பீடி குடித்தவருக்கு இழைகளே பல இடத்தில் கருகிப்போயிருக்கும். அதே அளவு தூசி, ஆனால் இறங்கினது இறங்கினபடியே நிற்கும் நேரம் அதிகம்.

லாரி கிளப்புகிற புழுதியில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். திண்ணையில் பெயர் எழுத முடிகிற தூசியை நினைத்து நீங்கள் கவலைப்படுகிறீர்கள். நான் கவலைப்படுவது கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி. டீசல் புகையிலும் விறகுப் புகையிலும் இருக்கும் நுண்துகள், பி.எம். 2.5 என்பார்கள், 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. இது நுண்ணிழைகளைத் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அப்படி 30 கோடிக்கு மேல் காற்றறைகள் இருக்கின்றன. விரித்துப் போட்டால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர், 750 சதுர அடி, ஒரு நடுத்தர வீட்டின் தரை அளவு. அங்கே துடைக்கும் வேலை தின்னும் அணுக்களுடையது. வந்த துகளை விழுங்கி அப்புறப்படுத்தும். முதுமையில் இந்த அணுக்களும் சோர்ந்துபோகின்றன. அது மட்டுமென்றால் பரவாயில்லை. வயதான உடம்பில் எந்தக் காரணமும் இல்லாமலேயே அழற்சி, அதாவது உள்ளே ஒரு வீக்கமும் எரிச்சலும், மெல்லக் கனன்றுகொண்டிருக்கும், நீறு பூத்த நெருப்பாக. நுண்துகள் வந்து விழுந்ததும் அது கிளறிவிடப்படுகிறது. இளம் உடம்பில் மூண்டாலும் சீக்கிரம் அணைந்துவிடும். இங்கே அணைக்க ஆள் குறைவு.

கையிருப்பும் குறைகிறது. மூச்சை முழுக்க இழுத்து ஒரு நொடியில் எவ்வளவு ஊதித் தள்ள முடியும் என்று ஒரு கணக்கு உண்டு. இருபது, இருபத்தைந்து வயதில் அது உச்சத்தில் இருக்கும். அதற்கப்புறம் பீடி சிகரெட் தொடாதவருக்கே வருடத்துக்கு 25 முதல் 30 மில்லி குறையும். முப்பதிலிருந்து எழுபதுக்குள் ஒரு லிட்டர் போய்விடும். புகைத்தவர்களில் சிலருக்கு இதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகும். கையிருப்பு நிறைய இருக்கிற வரை யாருக்கும் செலவு தெரியாதில்லையா? மாமாவின் நுரையீரலும் அப்படித்தான் இவ்வளவு நாள் ஓடியிருக்கும். விலா எலும்புக் கூடும் வயதில் விறைத்துப்போவதால் அதே மூச்சை இழுக்கக் கூடுதல் பாடுபட வேண்டியிருக்கிறது.

இனி போன மார்கழிக்கு வருவோம். மூச்சு முட்டியது, ஆனால் கோளாறு நுரையீரலில் ஆரம்பித்திருக்காது என்று நினைக்கிறேன். நெஞ்சில் நீர் கோத்ததென்றால் பெரும்பாலும் இதயம் இறைக்கத் திணறியிருக்கிறது என்று அர்த்தம். காற்றுக் கேட்டினால் நுரையீரல்தான் போகும் என்று நாம் நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, வெளிக்காற்று மாசினால் அகாலமாக இறந்தவர்கள் 42 லட்சம் பேர். அதில் நூற்றுக்கு 68 பேர் மாரடைப்பு போன்ற இதய நோயிலும் பக்கவாதத்திலும் போனவர்கள். நுரையீரலில் கிளம்பும் அழற்சி இரத்தத்தில் கலக்கிறது. இரத்தக் குழாய் சுருங்குகிறது, இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, இதயத் துடிப்பை நடத்துகிற நரம்புகளின் ஒழுங்கு குலைகிறது. முப்பது வயதுக் குழாய் ரப்பர் மாதிரி, நெகிழ்ந்து கொடுத்துவிடும். எழுபது வயதில் அது வெயிலில் கிடந்த ஹோஸ் பைப் மாதிரி விறைத்திருக்கிறது. அப்போது இதயம்தான் அடி வாங்கும்.

லண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் பனியும் சேர்ந்து ஊரை மூடியது. ஐந்தே நாள். இறந்தவர்கள் அப்போதைய கணக்கில் ஏறக்குறைய 4,000 பேர், பிற்கால மதிப்பீட்டில் 12,000 பேர் வரை. பெரும்பாலும் முதியவர்கள், அப்புறம் கைக்குழந்தைகள். நம் ஊரில் அப்படியெல்லாம் இல்லை, கடவுள் புண்ணியத்தில் மலையும் கடலும் பக்கத்தில் இருக்கின்றன, காற்று ஓடுகிறது. இந்தக் கதையைச் சொன்னதற்குக் காரணம், அங்கேயும் பலருக்கு அந்த ஐந்து நாளில் இது புகையால் வந்தது என்று தோன்றவில்லை. வழக்கமான குளிர்கால நெஞ்சுச்சளி என்றுதான் இருந்தார்கள்.

இன்னொன்று. நம் நாட்டில் பி.எம். 2.5-க்கு ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 5. எந்த எண்ணாக இருந்தாலும் முப்பது வயதுக்காரனுக்கும் எழுபத்திரண்டு வயதுக்காரருக்கும் ஒரே கோடுதான் போட்டிருக்கிறார்கள். போனில் காற்றின் தரத்துக்குப் பச்சை நிறம் காட்டுகிறது என்று மாமா சொன்னால், அது எங்கோ ஒரு கருவி இருக்கும் இடத்துக் காற்று என்று சொல்லுங்கள். உங்கள் திண்ணைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அத்தையின் இருமலைப் பற்றி நீங்கள் ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். அது எனக்கு வருத்தம். முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர், மேலப்பாளையம், எங்கிருந்து வந்தாலும் பீடி சுற்றுகிற பெண்கள் இதையேதான் சொல்கிறார்கள்: "இது பீடித் தூள் இருமல் டாக்டரய்யா, இது கெடக்கட்டும், கால் வலிக்கு மாத்திரை எழுதுங்க." ஒரு அம்மா மடியில் தட்டு வைக்கிற பழக்கத்தில் என் முன்னாலும் இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துத்தான் உட்கார்ந்தார்கள். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. ஆழமாக மூச்சிழுத்து, வாயை அகலத் திறந்து, உள்ளே ஒன்றும் மிச்சமில்லாதபடி ஊதச் சொன்னேன். தொண்டையில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்தேன். நல்ல நுரையீரல் மூன்று நான்கு நொடியில் காலியாகிவிடும். ஆறு நொடியைத் தாண்டினால் குழாய் அடைத்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த அம்மாவுக்கு ஒன்பது நொடி ஆன பிறகும் மெலிதாக விசில் கேட்டுக்கொண்டிருந்தது. வாழ்நாளில் ஒரு பீடியைக்கூட வாயில் வைத்தவர் இல்லை. ஐம்பது வருடத் தூள், அதோடு ஐம்பது வருட விறகடுப்பு.

அதனால் அத்தைக்கு முதலில் சளிப் பரிசோதனை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் அடுத்ததைப் பேச வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம். அப்புறம் ஊதிப் பார்க்கும் சோதனை, ஸ்பைரோமெட்ரி. அடைப்பு இருந்தால் இன்ஹேலர் தருவார்கள். "அதைப் பிடிச்சா பழகிப்போயிரும்" என்று அக்கம்பக்கத்தில் கிளப்பிவிடுவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கண்ணாடி போட்டால் கண் பழகிவிடுமா என்று கேட்பது மாதிரிதான் அது. பீடி சுற்றுவதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்தத் துட்டில்தான் பல வீட்டில் பிள்ளைகள் காலேஜுக்குப் போயிருக்கின்றன. தூளை வீட்டுக்குள் சலிக்காமல் முற்றத்தில் சலிக்கட்டும். காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காரட்டும். பையன் படுக்கிற அறையில் தூளும் இலையும் வேண்டாம்.

பையனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, உங்கள் டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவன் இருமல் ஒரு விதத்தில் வீட்டுக்கே காவல். அவன் இருமுகிற இடத்திலிருந்து தாத்தாவையும் கிளப்பிவிடுங்கள்.

இனி மாமாவின் நடை. நிறுத்தவே கூடாது. நடை நின்றால் இதயமும் காலும் சேர்ந்து சுருங்கிவிடும். மாற்ற வேண்டியது நேரமும் பாதையும். விடியற்காலைக் காற்று சுத்தமானது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆடியில் அது சரி. நம் பக்கம் ஆனி, ஆடி, ஆவணியில் கணவாய் வழியாக வருகிற காற்று எந்தப் புகையையும் நிற்கவிடாது, பணகுடிப் பக்கத்துக் காற்றாலை எல்லாம் சும்மாவா சுற்றுகின்றன? மார்கழி, தையில் கதை வேறு. இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி இருக்கும். லாரிப் புகை, குப்பை எரித்த புகை, வெந்நீர் அடுப்புப் புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழே படுத்துக்கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் கலைந்து மேலே போகும். காலை 5 மணிக்கு மாமா நடப்பது அந்தப் பாத்திரத்துக்குள்தான். பனி என்று நீங்கள் நினைப்பதில் புகையும் கலந்திருக்கும். மார்கழியில் அவர் படுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், குளிரும் ஒரு காரணம்.

குளிர் மாதங்களில் காலை எட்டுக்கு மேல் நடக்கட்டும். பங்குனி, சித்திரையில் மாலை ஆறுக்கு மேல், உச்சி வெயில் பக்கமே போக வேண்டாம். ரோட்டோரம் வேண்டாம். வண்டிப் புகையின் அடர்த்தி ரோட்டிலிருந்து 150, 200 மீட்டர் தள்ளிப் போனாலே நன்றாகக் குறைந்துவிடும். உங்கள் பக்கம் குளத்துக்கரைக்கா பஞ்சம்? கரைமேல் போனால் உட்கார மரத்தடியும் கிடைக்கும். டீக்கடையை விட மாட்டார் என்று தெரியும். கடைக்குப் பின்பக்கத் தெரு வழியாகப் போகச் சொல்லுங்கள். தோளில் கிடக்கிற துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டால் போதும் என்பார். துண்டு புழுதியைத் தடுக்கும், நுண்துகளுக்கு அது வலைக்கண். என்-95 மாஸ்க் தடுக்கும். ஆனால் இதயம் தளர்ந்தவருக்கு அதைப் போட்டுக்கொண்டு நடப்பது மூச்சுக் கஷ்டம். வழியை மாற்றுவதுதான் சுலபம்.

ஏர் ப்யூரிஃபையரைப் பற்றி. கதவு ஜன்னலைச் சாத்திய ஒரே அறைக்கு அது வேலை செய்யும், நுண்துகளையும் பிடிக்கிற ஹெப்பா வடிகட்டி இருந்தால். முற்றமும் ஓட்டுக்கூரையும் வாசல்கதவு நாளெல்லாம் திறந்தும் இருக்கிற வீட்டில் அது மின்கட்டணத்துக்குத்தான் வழி. அதற்கு முன்னால் வீட்டுக்குள் நாமே கொளுத்துவதைப் பாருங்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுக்க எரிந்து வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் அளந்து வெளியிட்டார்கள். அதைத் தலைமாட்டில் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கிறோம்! கொசுவலை கட்டுங்கள். சமையல் சிலிண்டரில் என்று வைத்துக்கொண்டாலும், நம் பக்கம் வெந்நீருக்கு விறகடுப்பு இன்னும் பல வீட்டில் இருக்கிறது. இருந்தால் அதைப் பின்னால் திறந்தவெளிக்கு மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற அரைமணி நேரம் மாமாவும் பையனும் வெளித்திண்ணையில் இருக்கட்டும். ரோட்டைப் பார்த்த ஜன்னலை லாரி அதிகம் ஓடுகிற நேரத்தில் சாத்திவிட்டுப் பின்பக்கத்தைத் திறந்து வையுங்கள். திண்ணையை வாரியலால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தால் படிந்தது மறுபடி கிளம்பாது. இவ்வளவும் செய்து மீதிப் பணம் இருந்தால் ப்யூரிஃபையர் வாங்குங்கள், பையன் படுக்கும் அறைக்கு.

சென்னைக்கு அனுப்புவது? தென்காசி ரோட்டிலிருந்து கிளப்பி இன்னொரு ரோட்டோரத்தில் உட்காரவைப்பதாகத்தான் முடியும். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் டீக்கடையும் இல்லை, பாலத்துக் கட்டையும் இல்லை, பேசவும் ஆளில்லை. கொழுந்தனார் பாசத்தில் கூப்பிடுகிறார், பொங்கலுக்குப் போய்விட்டு வரட்டும்.

மருந்து விஷயத்தில் ஒன்று கேட்டுப் பாருங்கள். நெஞ்சில் நீர் கோத்தவர்களுக்கு நீர் மாத்திரை கொடுத்திருப்பார்கள். வெளியூர் போகிற நாளில், வழியில் ஒன்றுக்கு எங்கே போவது என்று அதை விட்டுவிடுவது நம் ஊரில் சகஜம். மாமாவும் விடுகிறாரா பாருங்கள். விடுவதற்குப் பதில் வீடு திரும்பிய பிறகு போடலாமா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேட்கலாம். வருடா வருடம் ஃப்ளூ ஊசியும், நிமோனியாவுக்கான ஊசியும் அவருக்கும் அத்தைக்கும் போட வேண்டியவை. காற்று கெடும் மாதங்களில் சளி தொற்றினால்தான் இரண்டும் சேர்ந்து ஆளைத் தள்ளும்.

இருமல் வரட்டும், பார்க்கலாம் என்று மாமா விஷயத்தில் காத்திருக்காதீர்கள். அவருக்கு வருகிற அடையாளம் வேறு. ஒரு தலையணையில் படுத்தவர் இரண்டு கேட்பார். செருப்பு வார் காலில் அழுந்தித் தடம் விழும். இரண்டு நாளில் எடை ஒன்றரை, இரண்டு கிலோ கூடும். சாப்பாட்டைத் தள்ளிவைப்பார், பகலெல்லாம் தூங்குவார், பேச்சு முன்னுக்குப் பின் முரணாக வரும். இதில் எது வந்தாலும் அன்றே காட்டுங்கள். நெஞ்சு அழுத்தினாலோ, வாய் கோணி கை தளர்ந்தாலோ, படுக்க முடியாமல் திணறினாலோ யோசிக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அவர் சம்மதிப்பாரா என்பதுதான் உங்கள் பெரிய கவலை என்று புரிகிறது. "உங்களுக்கு நல்லது" என்று எந்த டிரைவரிடமும் சொல்லி ஜெயித்ததில்லை நான். பையனுக்குச் சாயந்திரம் நடை நல்லது, ஆனால் ரோட்டுப்பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், குளத்துக்கரைக்குக் கூட்டிப்போக ஆளில்லை என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் மாமா, அத்தை இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஒரு நெஞ்சு டாக்டரிடம் போங்கள்; பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கும் போகலாம். மார்கழியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, இப்போது போடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். போவதற்கு முன் மூன்று நாள், மாமாவுக்குத் தெரியாமல், பாலத்துக் கட்டையில் அவர் எத்தனை நிமிடம் உட்காருகிறார், யாரும் பேச வராத நாளிலும் உட்காருகிறாரா என்று பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். டீக்கடைக்காரரிடம் சொன்னால் அவரே பார்த்துச் சொல்லிவிடுவார்.